வெட்டுப் புருவம்

என் மனைவி மை ஓவியம் பழகப் போன கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். கறுப்பு மை ஒரு புட்டி, தடித்த பிரஷ் ஒன்று, மையை உறிஞ்சிக்கொள்ளும் மெல்லிய தாள் ஒரு கட்டு. இதை வைத்து மனசில் இருப்பதைத் தாளில் இறக்கிவிடலாம் என்றாளாம் சொல்லிக்கொடுக்கிற பெண்.

"உன் மனசுல இருக்கறத இறக்கினா தாள் தாங்குமா?" என்றேன்.

மகன் போனதிலிருந்து என் கிண்டலுக்கு அவள் பதில் சொல்வதில்லை. பைக்கில் போனான், லாரி வந்தது. அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அவனுக்கு ஒரு புருவத்தில் வெட்டு. சின்ன வயசில் என் சலூன் நாற்காலியின் கால்மிதியில் விழுந்து கிழித்துக்கொண்டது. ஆறிய பிறகும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. அதனாலேயே கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மிஞ்சியது வேலைக்கு விண்ணப்பிக்க எடுத்த ஒரே ஒரு படம். இவள் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் எடுத்தது.

இவளுக்கு அங்கே கம்ப்யூட்டரில் முகம் திருத்தும் வேலை. பரு, தழும்பு, கருவளையம் எதையும் விட்டுவைக்க மாட்டாள். சட்டம் போடுவதற்காக அவன் படத்தைத் திறந்தவள், அழுதுகொண்டே, கைப்பழக்கத்தில் அந்த வெட்டை நிரப்பிவிட்டாள். அதே பழக்கத்தில் பழைய படத்தின் மேலேயே சேமித்தும் தொலைத்தாள். இப்போது சுவரில் தொங்குகிறவன் இரண்டு புருவமும் முழுசாக உள்ள யாரோ ஒரு பையன். முகத்தில் மாப்பிள்ளைக் களை. எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை.

அதனால்தான் மை. மகன் முகத்தை அந்த வெட்டோடு ஒரு தடவையாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மையில் போட்டதை அழிக்க முடியாது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முதல் வகுப்பில் வெறும் கோடு. பிரஷை மையில் முக்கு, மூச்சை விடு, ஒரே இழுப்பு, கையை எடு. திரும்பத் தொடக் கூடாது. மை பரவினால் பரவட்டும், சொட்டினால் சொட்டட்டும். இவள் கை சும்மா இருக்குமா? பிசிறைச் சரிசெய்யப் போய்க் கோட்டைத் தடியாக்கி, தடியைக் குளமாக்கி, கடைசியில் தாளில் ஓட்டை. "அம்மா, நீங்க படம் போடல, கறை எடுக்கறீங்க" என்றாளாம் அந்தப் பெண். கெட்டுப்போன தாளெல்லாம் என் சலூனுக்கு வந்தது. சவரக்கத்தியில் வரும் நுரையை வழித்துப் போட அருமையான தாள்.

போகப் போகக் கை படிந்தது. பிரஷில் மை வற்றும்போது கோடு தானாக உடைந்து நடுவில் வெள்ளை தெரியும் என்று கண்டுகொண்டாள். வெட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் எந்தப் பக்கம் என்பதில் வந்தது சண்டை.

"இந்தப் பக்கம்ங்க" என்று தாளின் வலப்பக்கத்தைத் தொட்டாள்.

"இல்ல, இந்தப் பக்கம். மாசாமாசம் அவனுக்கு முடி வெட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"பெத்தவதான அழிச்சா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

ஒரு காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேஜையில் ஒரு முகம் இருந்தது. அதிகம் இல்லை, சில இழுப்புகள்தான். நெற்றி, புருவம், கண், மூக்கு, தாடை. வெட்டு அவள் சொன்ன வலப்பக்கத்தில். எந்த இடத்திலும் இரண்டாவது தடவை தொட்டிருக்கவில்லை.

"வந்துட்டான், பாருங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

பார்த்தேன். என்னவோ உதைத்தது. யாரோ மாதிரி இருந்தான்.

"இது அவன் இல்ல" என்றேன்.

அவள் மைப்புட்டியை மூடினாள். தாளை எடுத்துக் கெட்டுப்போன தாள்களோடு வைத்தாள். நான் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

முதல் ஆளுக்குச் சவரம். மேலாக இருந்த தாளின் கீழ்ப்பாதியைக் கைப்பழக்கத்தில் கிழித்து நுரையை வழித்துக் குப்பையில் போட்டேன். அடுத்த ஆளுக்கு நுரை பூசிவிட்டு, மீதிப் பாதியை எடுத்து உதறி நிமிர்ந்தேன். கண்ணாடியில் என் மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெற்றியும் கண்ணும் மட்டும். கண்ணாடிக்குள் வெட்டு இடப்பக்கத்தில், நான் சொன்ன பக்கத்தில் இருந்தது. தாளைத் திருப்பி நேராகப் பார்த்தேன், யாரோ. மறுபடி கண்ணாடியில் காட்டினேன், அவன்.

அப்போதுதான் உறைத்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில்தான் அவனை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் பேசியதும் கண்ணாடி வழியாகத்தான். வீட்டில் முகத்துக்கு முகம் பார்த்தால் சண்டை வரும் என்று ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். கண்ணாடியில் பக்கம் மாறும் என்பது என் தொழிலில் முதலில் படிக்கும் பாடம். இருந்தும், பெற்ற பிள்ளை நேரில் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னண்ணே, கத்தி வைக்கலியா?" என்றார் நாற்காலியில் இருந்தவர். குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். மூக்கும் தாடையும் நுரையில் கரைந்து கறுப்புக் கூழாகக் கிடந்தன. அவர் முகத்தைத் துண்டால் துடைத்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"நீ சொன்னதுதான் சரி" என்று பாதித் தாளை நீட்டினேன். "அவனேதான். நான்தான் கண்ணாடில பாத்து பாத்து..." அழுதுவிட்டேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"காலைல இருந்தான்ங்க. நீங்க அவன் இல்லன்னதும் நானும் உத்துப் பாத்தேன். இல்ல."

"இன்னொரு தடவ போடு. உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

புட்டியைத் திறந்தாள். பிரஷை முக்கினாள், மூச்சை விட்டாள், இழுத்தாள். புருவம் எங்கும் உடையாமல் முழுசாக வந்தது. வேறொரு தாள். அதிலும் முழுசாக. சுவரில் இருக்கும் அந்தப் பையன் மேஜைக்கு வந்து சிரித்தான்.

அவள் பிரஷைப் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டாள்.