மேட்டுத்தெருவின் நன்றி

முப்பது வருடம் குழாயோடு கிடந்த மனிதனைப் பிடித்து, இனிமேல் குழாயைத் தொடாதே என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? சேர்மன் திருமலைச்சாமிக்கு மூன்று வருடமாக அப்படித்தான் இருந்தது.

வில்பட்டியில் பூண்டுக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வந்து ஹார்டுவேர்ஸ் கடை போட்டவர் அவர். எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் சரி, எழுந்து போய்விடுவார். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஜனங்கள் அவரைக் கவுன்சிலர் ஆக்கினார்கள், கவுன்சிலர்கள் சேர்மன் ஆக்கினார்கள். பதவியேற்ற மறுநாளே கமிஷனர் ஒரு தாளை நீட்டினார். அவர் கடையிலிருந்து நகராட்சி வேலைக்கு ஒரு ஆணிகூட வரக் கூடாது, வந்தால் பதவிக்கு ஆபத்து. நியாயம்தானே என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அது இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது!

பதவியில் உட்கார்ந்து அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மேட்டுத்தெருவுக்கும் அதற்கு மேலே இருக்கிற நானூறு வீடுகளுக்கும் ஒரு புது மெயின் லைன். அதற்காகச் சென்னைக்கு அலைந்து, வாசல் வாசலாக நின்று, ஒருவழியாக அனுமதியும் பணமும் வாங்கியாகிவிட்டது. இருபதாம் தேதி மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் துணைத் தலைவர் ராஜமுருகன் லாட்ஜ்காரர். அதே தொகையில் ஏரிப் பக்கம் செல்ஃபி பாயிண்டும் கலர் விளக்கும் போட்டால் சீசன் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவர் பேச்சு. மன்றத்தில் ரெண்டு பக்கமும் சரிபாதி ஆள். திருமலைச்சாமி தலைமை தாங்கினால் தலைவரின் கூடுதல் ஓட்டில் லைன் வரும், ராஜமுருகன் தாங்கினால் விளக்கு வரும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த நேரம் பார்த்துத்தானா அந்த டூரிஸ்ட் வேன்காரன் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்! மேட்டுத்தெரு முக்கில் பின்சக்கரம் ஏறி, பழைய குழாய் பிளந்து, தெருவுக்கே தண்ணீர் நின்றுபோனது.

"எஸ்டிமேட் அனுப்பியாச்சு சார்," என்றார் இன்ஜினியர் ராபின். "கமிஷனர் லீவுல இருக்காரு. ஸ்டோர்ல அந்த சைஸு ஸ்டாக் இல்ல. ரேட் வாங்கி, ஆர்டர் போட்டு..."

"யோவ், மூணடி பைப்பும் ரெண்டு கப்ளிங்கும்யா! அரை மணி நேரச் சோலி!"

"உங்க கடையில இருக்கு சார். அதான் பிரச்சினையே."

திருமலைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டார். கல்லாவில் உட்கார்ந்தால் எதிர் ராக்கையில் குழாயை இணைக்கிற அந்தக் கப்ளிங்குகள் வரிசையாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வேறு கடையில் வாங்கலாம் என்றால், அந்த சைஸுக்கு மலையை விட்டுப் பழனிக்கு இறங்க வேண்டும். அனுப்பிய ஆள், சீசன் டிராபிக்கில் பாதி மலையில் மாட்டி வெறுங்கையோடு திரும்பினான்.

ஒன்பதாம் நாள் வீரம்மாள் கடைக்கு வந்தாள். லாட்ஜுகளில் ரூம் கூட்டுகிறவள், மேட்டுத்தெருக்காரி.

"அண்ணே, மருமக ரம்யா பிள்ளை பெத்து வந்து நாலு நாளாச்சுங்க. துணி அலசத் தண்ணியில்ல. கீழ ஓடையில இருந்து சொமந்து சொமந்து இடுப்பு கழண்டு கெடக்கு. ஒங்களால முடியலேன்னா முடியலேன்னு சொல்லிருங்க, நாங்க பாட்டுக்கு இருந்துக்கிறோம்."

முடியலையா? திருமலைச்சாமிக்கா? சுர்ரென்று ஏறியது அவருக்கு. ராக்கையிலிருந்து ரெண்டு கப்ளிங்கை எடுத்தார், பைப்பைத் தோளில் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். குழிக்குள் இறங்கிச் சேற்றில் முழங்கால் புதைய வேலை பார்த்தபோது, சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்றால், மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் வந்ததும் தெருவே கைதட்டியது.

"ஸ்டோர் சாமான்னு எழுதிக்கிறேன் சார், யாருக்கும் தெரியாது," என்றார் ராபின் காதோடு. திருமலைச்சாமியும் தலையாட்டினார். இருபதாம் தேதி வரைக்கும் மூச்சுக் காட்டாமல் இருந்தால் போதும்.

மேட்டுத்தெரு மூச்சுக் காட்டாமல் இருக்குமா? ரெண்டாம் நாள் தெரு முக்கில் பனியைக் கிழித்துக்கொண்டு பன்னிரண்டடிக்கு ஒரு ஃபிளக்ஸ் பேனர் நின்றது. கும்பிட்ட கையோடு திருமலைச்சாமி. கீழே சிவப்பெழுத்தில்: 'சொந்தக் கடைக் குழாயைத் தந்து எங்கள் தாகம் தீர்த்த தலைவரே, வாழ்க! உபயம்: திருமலை ஹார்டுவேர்ஸ்.' போன் நம்பரும் போட்டிருந்தார்கள், பாவிகள்.

அவர் ஓடிப்போய் அவிழ்ப்பதற்குள் ராஜமுருகன் அதை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து மேலதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டார். சேர்மன் நகராட்சிக் குழாய் வேலையில் தன் கடைக்கு விளம்பரம் தேடினார் என்று புகார். ஸ்டோர் சாமான் என்று ராபின் எழுதியது பொய்க் கணக்கு என்று இன்னொரு புகார். பதினெட்டாம் தேதி நோட்டீஸ் வந்தது. விசாரணை முடியும்வரை அவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கூடாது.

இருபதாம் தேதி ராஜமுருகன் தலைமை தாங்கினார். மெயின் லைன் தள்ளுபடி ஆனது. கலர் விளக்குக்கு மேஜையைத் தட்டி ஆதரவு கொடுத்தார்கள்.

கடைக்குத் திரும்பி அவர் உட்கார்ந்திருந்தபோது வீரம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"தீர்மானம் போட்டாச்சுங்களாண்ணே? புது லைன் எப்ப வருது?"

அவ்வளவுதான், வெடித்துவிட்டார்.

"வராதும்மா! ஒங்க பேனர்ல போச்சு! நானூறு வீட்டுத் தண்ணி, மூணு வருச அலைச்சல், எல்லாம் போச்சு! ஒங்கள யாரு நன்றி கேட்டது?"

என்ன, ஏது என்று அவள் கேட்கக் கேட்க, அவர் கத்திக் கத்தியே எல்லாவற்றையும் சொன்னார். வீரம்மாளின் முகம் செத்துப்போனது.

"பேனரு எங்க தப்புதாங்க. சத்தியமாத் தெரியாதுங்க." போகத் திரும்பியவள் நின்றாள். "அப்ப, அன்னிக்கு நீங்க கொழாய மாட்டாம இருந்திருக்கணுமாண்ணே?"

திருமலைச்சாமி யோசித்தார். இன்னும் ஆறே நாள் அந்தத் தெரு பொறுத்திருந்தால்?

"ஆமா. மாட்டாமத்தான் இருந்திருக்கணும்."

வீரம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதச் சொல்றதுக்கு ஆப்பீசு பூரா ஆளு இருக்குங்கண்ணே. ஒங்களுக்கு எதுக்கு ஓட்டுப் போட்டோம்?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். திருமலைச்சாமி ஷட்டரை இழுத்து மூடினார். மணி நாலுகூட ஆகவில்லை.