எக்ஸ்ரேகாரரின் மகள்

எக்ஸ்ரேகாரருக்கு ஒரு கர்வம் உண்டு. இருபது வருஷத்தில் அவர் எடுத்த படம் ஒன்றுகூட ஆடியதில்லை. கை ஒடிந்து கத்திக்கொண்டு வருகிறவர்கள்கூட, "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அவர் சொன்னால் அப்படியே சிலையாகிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் பெற்ற ஒரே மகள், நான்கு வயசுப் பொடிசு, நாள் முழுக்க ஆடிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். தையல் மெஷினின் சக்கரம் சுழன்றால் போதும், பொடிசு நுனிக்காலில் எழும்பி இரண்டு கைகளையும் படபடவென்று உதறுவாள். அப்போது கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பேச்சும் ஏழெட்டு வார்த்தையோடு நின்றிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க," என்று மனைவி போன வருஷமே சொன்னாள்.

"சந்தோஷத்துல கையை ஆட்டுது. அதுக்கு ஒரு பேர் வைக்கணுமா? வளர்ந்தா சரியாயிடும். உங்க அண்ணன்கூட சின்ன வயசுல காலை ஆட்டிட்டே இருப்பாராம்."

"இப்பவும் ஆட்டிட்டுத்தான் இருக்கார். போன வாரம் வந்தப்போ மேஜை மேல இருந்த டம்ளர் கவிழ்ந்துச்சு."

அவள் விடுகிற ஆள் இல்லை. அலையாய் அலைந்து, குழந்தை வளர்ச்சி பார்க்கிற டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கிவிட்டாள். டாக்டரம்மா போனிலேயே தெளிவாகச் சொன்னார். "கை உதறுறதை மட்டும் வச்சு ஆட்டிசம்னு சொல்லமாட்டேன். எல்லாக் குழந்தைங்களும் கொஞ்சம் உதறும். எப்போ, எவ்வளவு நேரம்னு நான் பார்க்கணும். வீட்டுல வீடியோ எடுத்துட்டு வாங்க." வெள்ளிக்கிழமை வரவேண்டும். விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அவர் நடத்துகிற பயிற்சி வகுப்பில் இருக்கிற ஒரே இடமும் வேறு குழந்தைக்குப் போய்விடும்.

மனைவி சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போனைத் தூக்கினாள். உதறிக்கொண்டிருந்த பொடிசு கையை இறக்கி, கன்னம் உப்ப மூச்சை அடக்கி, விறைப்பாக நின்றாள். அம்மா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். அலமாரிக்கு மேல் வைத்து எடுத்தாள். போனின் மூக்கு தெரிந்தால் போதும், பிள்ளை சிலை. கடைசியில் அம்மாவே நுனிக்காலில் நின்று கையை உதறிக் காட்டினாள். பார்க்கச் சகிக்காமல் எக்ஸ்ரேகாரரும் கூடச் சேர்ந்து உதறினார். பொடிசு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாளே தவிர அசையவில்லை.

மூன்றாம் நாள் மனைவி போனைக் கீழே வைத்தாள். "நீங்க இவளை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

எக்ஸ்ரேகாரர் தொண்டையைக் கனைத்தார். "நீ துணி கொடுக்கப் போறப்போ தினமும் கொஞ்ச நேரம் பழக்கினேன். போனை நீட்டி, அசையாதே, மூச்சைப் பிடின்னு. ஒரு வருஷமா." திருட்டுமுழி முழித்தாலும் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "நல்லாவே வந்துச்சு."

அவள் பொடிசைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"பயந்துட்டேன்," என்றார். "ஆடாம இருந்தா அந்தப் பேர் வராதுன்னு நினைச்சேன்."

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மேஜைமேல் ஒரு பம்பரத்தைச் சுற்றிவிட்டார். பொடிசின் கைகள் மெல்ல எழுந்தன.

"வீட்டுல எடுக்க முடியலைன்னா இங்கேயே எடுத்துக்கலாம். குழந்தைக்குப் பழகின ஆளே எடுக்கட்டும். அப்பா, போனை எடுங்க," என்றார்.

எக்ஸ்ரேகாரர் எடுத்தார். கைகள் இறங்கின. கன்னம் உப்பியது. டாக்டரம்மாவின் பேனா காகிதத்தின்மேல் காத்திருந்தது.

எக்ஸ்ரேகாரர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இன்றைக்கு எந்தப் பேரும் வராது. மனைவி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொடிசின் முகம் சிவந்துகொண்டே வந்தது. அப்பா நீட்டிய போனிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஊர் பேர் தெரியாதவர்களைக்கூட அவர் ஆறு எண்ணுவதற்கு மேல் அப்படி நிறுத்தியதில்லை. எண்ணி முடித்ததும் சொல்வதற்கு ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் அதைச் சொல்கிறவர், பெற்ற மகளிடம் ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"அவ்வளவுதான் கண்ணு. மூச்சு விடலாம். அசையலாம்."

புஸ்ஸென்று மூச்சு வந்தது. பொடிசு அவரைப் பார்த்தாள், பம்பரத்தைப் பார்த்தாள். நுனிக்காலில் எழும்பி, ஒரு வருஷத்துக்கும் சேர்த்து உதறினாள். டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

வீடியோ மட்டும் ஒன்றுக்கும் உதவவில்லை. இருபது வருஷத்தில் முதல்முறையாக எக்ஸ்ரேகாரர் எடுத்த படம் ஆடிப்போயிருந்தது.