பந்தல் கட்டிய வண்டி

ஏகாம்பரத்தின் மினி லாரியில் மின்கம்பிகள் வளரத் தொடங்கியது ஏப்ரல் முதல் வாரத்தில். நாளொன்றுக்கு ஒரு சாண். மழை பெய்த அன்று ஒன்றரைச் சாண். நாகலாபுரத்தில் கூலி வேலையை விட்டுவிட்டு அந்தப் பழைய வண்டியை வாங்கியிருந்தார் அவர். எஃப்.சி. எனும் தகுதிச் சான்று இருந்தால் பருவம் முழுவதும் மாங்காய் ஏற்றும் வேலை அவருக்கே என்று சித்தூர்ப் பழக்கூழ் ஆலை ஒன்று சொல்லியிருந்தது. சோதனைக்கு நாளும் குறித்தாயிற்று. வண்டியோ, ஹாரனை அழுத்தினால் வைப்பரை ஆட்டியது. இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கை எரித்தது.

திருப்பதி சாலையில் கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியன் ஹரிபாபு முறைப்படியே தொடங்கினார். பாட்டரியை அளந்தார், ஃப்யூஸ்களைக் கழற்றி மாட்டினார், எர்த் இணைப்பின் துருவைச் சுரண்டினார். கூடுதலாக வளர்ந்திருந்த கம்பியைக் கத்தரித்து, வெட்டுவாயில் கறுப்பு டேப் சுற்றினார். மறுநாள் டேப்பின் அடியிலிருந்து இரண்டு தளிர்கள் கிளம்பியிருந்தன. ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. அவற்றையும் வெட்டினார். பன்னிரண்டு நாள் வெட்டியதில் கம்பிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஸ்டியரிங்வரை படர்ந்துவிட்டன. மொத்தத்தையும் பிடுங்கிப் புதிதாகப் போடப் பத்து நாளாகும் என்றார். சோதனைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அன்று சோறு கொண்டுவந்த ஏகாம்பரத்தின் மனைவி கல்பனா, பலமனேர்த் தோட்டங்களில் ஆறு வருடம் பீர்க்கங்கொடி கட்டியவள். கேபினுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“இன்னாண்ணா, நுனிய கிள்ளிக்கினே கீறீங்களே, பக்கக்கிளை வுடாம இன்னா பண்ணும்?”

“இது ஒயரும்மா, பீர்க்கங்கா இல்ல,” என்றார் ஹரிபாபு.

“அது அதுக்குத் தெரியணுமே.”

“சும்மா இரு மே,” என்றார் ஏகாம்பரம். “பொழப்பே போய்க்கினு கீது.”

“நீ தெனமும் தண்ணி ஊத்திக் கழுவுறத வுடுய்யா மொதல்ல.”

கல்பனா கத்தரியை வாங்கி வைத்துவிட்டு, டாஷ்போர்டிலிருந்து பின்விளக்குவரை சணல் கயிறுகளை இழுத்துக் கட்டினாள். பின்னிக்கிடந்த கம்பிகளை நோகாமல் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் கயிற்றில் ஏற்றிவிட்டாள். மூன்றாம் நாள் ஹாரன் ஹாரனாக ஒலித்தது. ஹரிபாபு மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் பன்னிரண்டு வோல்ட் காட்டியது.

சோதனையன்று ஆய்வாளர் விளக்குகளை வரிசையாகப் போடச் சொல்லி, எரிந்தவற்றைக் குறித்துக்கொண்டார். இடப்பக்க இண்டிகேட்டரின் அருகே மஞ்சளாகப் பூத்திருந்ததை மட்டும் சற்று நேரம் பார்த்தார். காய்க்குமா என்று தெலுங்கில் கேட்டார். ஆடி போகட்டும் சார் என்றாள் கல்பனா. கையெழுத்திட்டார்.

பருவம் முழுவதும் வண்டி மாங்காய் ஏற்றியது. ஆடி போனதும் பதினொரு பல்புகள் காய்த்தன. ஒன்றைப் பறித்து மாட்டிப் பார்த்தார்கள். சற்று மங்கலாக எரிந்தது. மற்றவை முற்றட்டும் என்று கொடியிலேயே விட்டுவைத்தார்கள்.