மஞ்சள் பூவும் வயர் கேட்ட ஆளும்

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரே ஒரு தடவை, 'வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் சப்போர்ட் படிப்பு' என்று போனில் தேடினாள் வெற்றிச்செல்வி. செய்த பாவம் அவ்வளவுதான். திங்கட்கிழமை விடிவதற்குள் அவள் நம்பர் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரி ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். கழித்துக் கட்டியது போக மூன்று பேர் மிஞ்சினார்கள். டெல்லிக் கம்பெனி ஒன்று, மெட்ராஸ் கம்பெனி ஒன்று, திருச்சியில் ராசாங்கம் என்ற தனி ஆள் ஒருவர்.

வெற்றிச்செல்விக்கு ஊர் ரஞ்சன்குடி. தினமும் பஸ் பிடித்துப் பெரம்பலூர் போய் ஓர் உரக்கடையில் பில் போடுகிறாள். பில் போடுவது பேருக்குத்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அவள், இன்டர்நெட் வராவிட்டால் அவள், பக்கத்து விதைக்கடைக்காரருக்குப் பாஸ்வேர்டு மறந்தாலும் அவள். ஒருநாள் கடைக் கம்ப்யூட்டரைப் பார்க்க அரியலூரிலிருந்து வந்த கம்பெனிக்காரர், வேலை ஏற்கெனவே முடிந்துகிடப்பதைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தார். "ஒரு படிப்பு முடிச்சுட்டு வாங்கம்மா. சிமெண்ட் ஆலை ஆபீஸ் அத்தனைக்கும் நாங்கதான் பாக்குறோம். சர்டிபிகேட் பேப்பர் மட்டும் பத்தாது, போன்லயே ஆளை உக்கார வச்சு வேலை வாங்கத் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வீட்டில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. புருஷன் தர்மன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவன். சுரங்கத்தில் வேலை குறைந்து இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். திருப்பூரில் இருக்கும் அவன் பங்காளி, "ரெண்டு பேரும் வந்துருங்கடா, பனியன் கம்பெனியில ஜோடியாச் சேத்து விடுறேன்" என்று ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அங்கே வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும்.

"வேலை கெடைக்கிற மாதிரி படிப்புன்னா சொல்லு, இங்கயே இருப்போம், நானும் இங்கயே ஏதாச்சும் வண்டி ஓட்டுறேன். இல்லன்னா திருப்பூர்தான். வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடு செல்வி" என்று தர்மன் கறாராகச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. சும்மா உட்கார்ந்து சாப்பிட அவனுக்கே கூச்சமாக இருந்தது.

மாமியார் குஞ்சம்மாள் இதில் எந்தப் பக்கமும் பேசவில்லை. சின்ன வெங்காயத்தின் வாலை அரிந்துகொண்டே ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"அது என்ன வேலடி?"

"யாருக்காச்சும் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா நமக்குப் போன் பண்ணுவாங்க அத்தை. நாம இங்கேர்ந்தே கேட்டுக் கேட்டுச் சரி பண்ணிக் குடுக்கணும்."

"தொடாமயேவா?"

"தொடாமயே."

"அப்ப மந்திரிக்கிற மாதிரின்னு சொல்லு" என்று குஞ்சம்மாள் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மூன்றில் எதை எடுப்பது? வெற்றிச்செல்வி யோசித்தாள். ஊருக்கெல்லாம் சப்போர்ட் சொல்லிக்கொடுக்கிறவன் யாராவது பிரச்சினை என்று போன் செய்தால் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்துவிட்டால் போயிற்று! சமையலறை ஓரமாக நின்றுகொண்டு மூன்று பேருக்கும், கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்ற ஒரே பொய்யைச் சொல்வதென்று முடிவெடுத்தாள்.

டெல்லிக்காரர்கள் ஒன்றை அமுக்கச் சொன்னார்கள், நாலை அமுக்கச் சொன்னார்கள், அப்புறம் பாட்டுப் போட்டார்கள். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். குழம்பு கூட்டினாள். குழம்பு கொதித்து இறங்கியும் பாட்டு நிற்கவில்லை. "யாருடி அவன், இன்னும் பாடிக்கிட்டே இருக்கான்?" என்று குஞ்சம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மெட்ராஸ் கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள். குரல் தேன்தான். "மேம், நம்ம கோர்ஸ்ல நூறு சதவீதம் வேலை உறுதி மேம். சேந்தவுடனே ஒரு பேக் ஃப்ரீ மேம். ஆனா இன்னைக்குத்தான் கடைசித் தேதி மேம்."

"ஏங்க, பதினோரு நாளா இன்னைக்குத்தான் கடைசித் தேதின்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

"இன்னைக்கு நிஜமாவே கடைசி மேம்."

"கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குதுன்னு சொன்னேனே?"

"சேந்துட்டீங்கன்னா எல்லாம் ஆன் ஆயிடும் மேம்."

மூன்றாவதாகத் திருச்சிக்குப் போட்டாள், அதே ஸ்பீக்கரில். ராசாங்கமே எடுத்தார். டீக்கடையில் நிற்கிறார் போலிருக்கிறது, பின்னால் கிளாஸ் சத்தம் கேட்டது.

"கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது சார்."

"சரிம்மா. கோவப்படாமக் கேளுங்க. வயர் சொருகியிருக்கா?"

வெற்றிச்செல்விக்குச் சுர்ரென்றது. "எனக்கு இதுகூடவா சார் தெரியாது?"

"தெரியும்மா. தெரிஞ்சவங்கதான் குனிஞ்சு பாக்க மாட்டாங்க. ஒருக்காக் குனிஞ்சு பாத்துட்டு, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

அந்தக் குரலில் அவசரமே இல்லை. இல்லாத கம்ப்யூட்டருக்கு வயரை எங்கே தேடுவது? ஆனாலும் மனசு கேட்காமல் கூடத்துக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். அங்கே கோழி ஒன்று அடைகாக்க உட்கார்ந்துகொண்டு, 'யார்டா அது?' என்கிற மாதிரி முறைத்தது.

"என்னம்மா தெரியுது?"

வாய் தவறி, "கோழி சார்" என்றாள்.

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ராசாங்கம் மெதுவாகக் கேட்டார். "அம்மா, கம்ப்யூட்டரே கெடையாதுல்ல?"

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாசலில் குஞ்சம்மாளின் அரிவாள்மனை ஒரு நிமிஷம் நின்றது.

"பரவால்லம்மா. பல பேரு இப்படித்தான் சோதிச்சுப் பாக்குறாங்க" என்றார் ராசாங்கம். பாடம் தபாலில் வருமாம். வாரம் நாலு நாள் அவரே எங்கேயாவது கெட்டுப்போன கம்ப்யூட்டர்க்காரர் மாதிரி போன் செய்வாராம், இவள் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டுமாம். பேக் எதுவும் கிடையாது. "வேலை வாங்கித் தரேன்னு நான் சொல்ல மாட்டேன். வேலை தெரிய வச்சு அனுப்புவேன்" என்றார். பழகிப் பார்க்கக் கடைக் கம்ப்யூட்டரே போதும் என்றும் சொன்னார்.

மனசு அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அதைத் தர்மனிடம் சொன்னபோது அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வேலை தர மாட்டேன்னு அந்தாளே சொல்றான், அவன்கிட்டப் போய்ப் படிக்கிறேங்குற. மெட்ராஸ்காரன் நூறு சதவீதங்குறான்!"

"அவங்க சொல்றதெல்லாம் சும்மாங்க."

"இவன் சொல்றது மட்டும் சும்மா இல்லையாக்கும்?"

பேச்சு முற்றியது. வியாழக்கிழமை ராத்திரிச் சோறு ஆளுக்கொரு மூலையில் இறங்கியது. அப்போதுதான் குஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். "எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? மூணு படிப்புக்கும் மூணு பூ, காலையில பூக்கட்டிப் பாத்துருவோம். ஆத்தா சொல்றதுதான் முடிவு."

தர்மன் உடனே சரி என்றான். அம்மன் சொன்னால் அவன் மறுபேச்சுப் பேச மாட்டான். வெற்றிச்செல்விக்கு உள்ளூரத் திக்கென்றது. தன் தலையெழுத்தை ஓர் இலைப் பொட்டலத்தில் கட்டிவைக்க அவளுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

மறுநாள் குஞ்சம்மாளே தலைக்குக் குளித்து, வெள்ளை நந்தியாவட்டை, செவ்வரளி, மஞ்சள் சாமந்தி மூன்றையும் தனித்தனியாக வாழை இலையில் மடித்து நாரால் கட்டினாள். தர்மன் ஏதோ கேட்க வாயெடுத்தான். "உஷ்! எது எதுன்னு வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மனசுல நெனச்சுக்கணும்" என்று அவன் வாயை அடைத்தாள்.

எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

மாரியம்மன் கோயில் பூசாரி மாயவன் மூன்று பொட்டலத்தையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, சூடம் காட்டி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். மஞ்சள் சாமந்தி.

"மெட்ராஸ்!" என்று தர்மன் கையைத் தட்டினான்.

"ஐயய்யோ, டெல்லி!" என்று வெற்றிச்செல்விக்குக் குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ராசாங்கத்தை அவள் வெள்ளைப் பூவில் வைத்திருந்தாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னது, டெல்லியா? மெட்ராஸ்காரன் குடுக்குற பேக்கு மஞ்சக் கலருடி. அதனால மஞ்சள்னா அவன்தான்."

"நீங்களா நெனச்சுக்கிட்டா ஆச்சா? நான் வேற மாதிரியில்ல நெனச்சேன்."

மாயவனுக்கு அறுபது வருஷத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. "ஏம்ப்பா, வூட்டுலயே பேசிக்கிட்டு வர மாட்டீங்களா? ஆத்தாகிட்ட ஒருக்காதான் கேக்கலாம். மறுபடி கட்டுனா அது கேலி" என்று கோபித்துக்கொண்டார். தலையைச் சொறிந்து யோசித்துவிட்டு, "பூ கட்டுனது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்றாள் குஞ்சம்மாள்.

"அப்ப ஒம் மனசுல இருந்ததுதான் செல்லும். சொல்லு. மஞ்சள் யாரு?"

வெங்காயம் அரிகிற, கம்ப்யூட்டரை ஒருநாளும் தொடாத மாமியார் வாயில் வெற்றிச்செல்வியின் பெரம்பலூரும் அரியலூரும் திருப்பூரும் மொத்தமாகத் தொங்கின.

"யம்மா, மெட்ராஸ்தானே?" என்றான் தர்மன்.

குஞ்சம்மாள் அம்மனைப் பார்த்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மெட்ராஸும் இல்ல, டெல்லியும் இல்ல. மஞ்சள்னா அந்த வயர் கேட்ட ஆளு."

தர்மன் சாமந்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பங்காளிக்குப் போன் போடக் கோயிலுக்கு வெளியே போனான். "அட்வான்ஸ் குடுக்காதடா, ஆத்தா வேணான்னுட்டா" என்று அவன் சொல்வது உள்ளே வரை கேட்டது.

திரும்பி நடக்கும்போது தர்மன் நாலு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். வெற்றிச்செல்வி மாமியாரை ஒட்டி நடந்தாள். சந்தோஷம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம்.

"அத்தை, நிஜமாவே அப்படித்தான் நெனச்சீங்களா?"

"எப்படி?"

"மஞ்சள்னா ராசாங்கம் சாருன்னு."

"எனக்கு அந்த மூணு பேரு பேரும் தெரியாது, எவன் எந்த ஊருன்னும் தெரியாது. இதுல எங்கேர்ந்து நெனைக்கிறது?" குஞ்சம்மாள் கூச்சப்படாமல் சொன்னாள். "மூணு பொட்டலத்துக்கும் சேத்து ஒண்ணுதான் நெனச்சேன். எந்தப் பூ வந்தாலும் நீ இந்த ஊர விட்டுப் போவக் கூடாதுன்னு. அவன் போனா ரெண்டு மாசத்துல சோறு தேடித் திரும்பி வந்துருவான். நீ போனா எனக்கு யாருடி இருக்கா?"

வெற்றிச்செல்வி நடுத்தெருவில் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் எப்படி அத்தை அவரைச் சொன்னீங்க?"

"ரெண்டு மாசமா இந்த வூட்டுல நீ வாய்விட்டுச் சிரிச்சது அந்தாளுகிட்டக் கோழின்னு சொன்னப்பதான். ஒன்னைச் சிரிக்க வச்சே வேலை சொல்லித் தர்றவன்னா நல்லாத்தான் சொல்லித் தருவான்." சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அவன்கிட்ட ஒளறிடாத. திரும்பத் திருப்பூர்னு ஆரம்பிச்சுருவான்."

முன்னால் போனவன் திரும்பிப் பார்த்து, "என்ன ரெண்டு பேரும் குசுகுசுங்குறீங்க?" என்றான்.

"ஒண்ணுமில்லடா, கோழிக்குத் தண்ணி வச்சேனான்னு கேட்டா" என்றாள் குஞ்சம்மாள்.