பதினேழாவது கண்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே டாக்டரம்மாவுக்குத் தலை சூடாகிவிட்டது. காரணம் ஒரு கடிதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தக் கடிதத்தைக் கணவர் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில், மூடி கழற்றிய பேனாவோடு வைத்திருந்தார். இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கண் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். டாக்டரம்மா சொந்தமாகக் கிளினிக் நடத்திய காலத்தில் கிடைத்ததைப் போல ஐந்து மடங்கு இப்போதே வாங்குகிறார். கையெழுத்துப் போட்டால் இன்னும் ஏறும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர்.

"இந்த மூணு வருஷத்துல அஞ்சு மடங்கு வந்துதே, அதனால என்ன மாறிச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்பவே போட்டுடறேன்."

கணவர் கட்டட இன்ஜினியர். எதையும் அளந்து பார்த்துச் சொல்லும் ஆள். கேள்வியைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"வீடு."

"பழைய வீட்ல நாலு ரூம். ஒண்ணு பூட்டிக் கிடந்துது. இதுல ஏழு ரூம். நாலு பூட்டிக் கிடக்கு."

"கார்."

"அதே சிக்னல்லதான் நிக்குது."

"மெத்தை. அந்த மெத்தை என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். கழுத்துவலி போச்சான்னு கேளுங்க."

"உனக்குச் செலவு பண்ணவே தெரியல. அதான் பிரச்சினை. பணத்து மேல தப்பு சொல்லாதே" என்று அவர் ரொட்டியைக் கடித்தார்.

டாக்டரம்மாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. செலவு பண்ணாமலா இருந்தார்? வெளிநாட்டுக் குளியல் தொட்டி ஒன்றைச் சுவரை இடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். முதல் வாரம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவை இறங்கிப் பார்த்தார்கள். வழுக்கும் என்ற பயத்தில் ஏறிவிட்டார்கள். இப்போது அதற்குள் அழுக்குத் துணிக் கூடை சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. காப்பி மெஷின் வந்தது. அதன் புத்தகத்தைப் படித்து முடிப்பதற்குள் சமையல்கார அம்மா பழைய பாத்திரத்திலேயே காப்பி போட்டுக் கொடுத்துவிட்டார். அவர்கள் என்றைக்கும் இல்லாதப்பட்டவர்கள் கிடையாது. கிளினிக் நாளிலேயே இரண்டு கார், மாடி வீடு, மகனுக்கு வெளிநாட்டுப் படிப்பு எல்லாம் இருந்தன. வயிறு நிறைந்தவரை மறுபடி இலை முன்னால் உட்காரவைத்தால் எவ்வளவுதான் சாப்பிட முடியும்?

ஒன்று மட்டும் மாறியிருந்தது. அதைக் கணவரிடம் சொன்னால் விளங்காது என்று அவர் சொல்லவில்லை. வேலை மாறிவிட்டது.

கிளினிக்கில் ஒரு நாளைக்கு நாலு கண்புரை ஆபரேஷன். வருகிறவரை முதலில் பார்ப்பதும் அவரே, மறுநாள் காலை கண்கட்டைப் பிரிப்பதும் அவரே. பிரித்ததும் எதிரே இருக்கும் முகத்தை அவர்கள் பார்க்கிற பார்வைக்காகவே இந்தப் படிப்பு படித்தோம் என்று அவருக்குத் தோன்றும். ஆஸ்பத்திரியில் இரண்டு மேஜை. நடுவில் ஒரு சுழல் நாற்காலி. இந்தப் பக்கம் ஒரு கண் முடிவதற்குள் அந்தப் பக்கம் இன்னொரு கண் தயாராகியிருக்கும். நாற்காலியைத் திருப்பினால் போதும். பச்சைத் துணி, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு கண். புதன்கிழமையானால் முப்பது கண். முன்னால் பரிசோதிப்பது சின்ன டாக்டர்கள், பின்னால் கட்டுப் பிரிப்பதும் சின்ன டாக்டர்கள். துணிக்கு அடியில் ஆண் படுத்திருக்கிறாரா பெண் படுத்திருக்கிறாரா என்பதுகூடப் பல நாள் அவருக்குத் தெரியாது. பெயரை என்னவோ ஒவ்வொரு தடவையும் சத்தமாகத்தான் படிப்பார்கள். அது காதோடு நின்றுவிடும்.

கிளினிக்கை அவர் விற்கவில்லை. பூட்டித்தான் வைத்திருந்தார். மைக்ராஸ்கோப் உறை போட்டபடி நிற்கிறது. திறக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு ஆள் வேண்டும், நர்ஸ் அக்கா. பதினாலு வருஷம் கத்தி பிடித்தது டாக்டரம்மா, மற்ற எல்லாவற்றையும் பிடித்தது அக்கா. சர்க்கரை நோயை மறைக்கிற ஆளை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். பயத்தில் ரத்தக் கொதிப்பு ஏறி நிற்கிறவரிடம் எதையாவது பேசி இறக்கிவிடுவார். அக்கா வந்தால் கிளினிக். வராவிட்டால் தனியாக அதைத் திறந்து நடத்தத் தன்னால் ஆகாது, இந்தக் கடிதத்தில் கையெழுத்துத்தான். டாக்டரம்மா கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் கணவர்.

"அக்காவைப் பாக்க."

"மூணு வருஷமா ஒரு போன் பண்ணல, இப்பப் போய் என்ன கேப்ப?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் டாக்டரம்மா கதவை அப்படி அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அக்கா குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. படிக்கட்டுக் கைப்பிடியில் யாரோ போர்வை உலர்த்தியிருந்தார்கள். மூச்சு வாங்க ஏறி மணியை அழுத்தினார். கதவைத் திறந்த அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வீட்டுக்குள் இருக்கும்போது அந்தக் கண்ணாடியை யார் போடுவார்கள் என்று கண் டாக்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வாங்க டாக்டர்" என்றார் அக்கா. ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை, கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டு இடம் பண்ணினார்.

"அக்கா, கண் ஆபரேஷனா? எப்ப?"

"பதினோரு நாளாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! எவன்கிட்டப் போய்ப் பண்ணிக்கிட்டீங்க?"

அக்கா தண்ணீர் டம்ளரை அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உங்ககிட்டதான்."

டாக்டரம்மா சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

"புதன்கிழமை. ரெண்டாவது மேஜை. என் நம்பர் பதினேழு. நீங்கதான் பண்ணணும்னா தனி ரேட்டுன்னாங்க. பரவாயில்லன்னு கட்டினேன். நீங்க இருக்கப்ப இன்னொருத்தர்கிட்ட ஏன் கண்ணைக் காட்டணும்?"

கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே எனக்கு போன் பண்ணியிருக்கலாமே, அக்கா."

"பண்ணேன். உங்க செக்ரட்டரி எடுத்தாங்க. எந்த விஷயமான்னு கேட்டாங்க. கண்ணுன்னேன். அப்பாயின்ட்மென்ட் பிரிவுக்கு மாத்திவிட்டுட்டாங்க."

"அங்க மேஜையில படுத்திருந்தப்பவாவது ஒரு குரல் குடுத்திருக்கலாமே! உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"பேசக்கூடாது, இருமக்கூடாது, தலையை அசைக்கக்கூடாதுன்னு சொல்லித்தானே படுக்கவச்சாங்க. பதினாலு வருஷம் நானே மத்தவங்களுக்குச் சொன்னது. நானே மீறுவேனா?" என்றார் அக்கா. பிறகு சாதாரணமாகவே சேர்த்துக்கொண்டார். "அதோட, நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க."

"என்ன பேசினேன்?"

"வேண்டாம், விடுங்க."

"சொல்லுங்கக்கா."

"உங்க பாத்ரூம் தொட்டியைப் பத்தி. துணிக் கூடைதான் அதுல குளிக்குதுன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துது, அடக்கிக்கிட்டேன். அப்புறம் பழைய கிளினிக்கைப் பத்திச் சொன்னீங்க. அங்க ஒரு நர்ஸ் இருந்தாங்க, ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக்கிட்டு ஊர்க் கதை கேட்டே பொழுதைப் போக்குவாங்க, அதான் நாளைக்கு நாலு பேருக்கு மேல முடியல, இங்க பாருங்க எட்டு நிமிஷம்னீங்க."

தெருவில் யாரோ ஆட்டோவை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. டாக்டரம்மாவுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பார் என்பதில் சந்தேகமும் இல்லை. எத்தனையோ புதன்கிழமை அதே கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"எட்டுகூட ஆகல டாக்டர். ஏழுதான். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றார் அக்கா. "கையைப் பிடிக்க யாராவது இருந்திருந்தா எண்ணியிருக்க மாட்டேன். ஒரு விரலாவது கிடைக்காதான்னு துணிக்கு அடியில தேடினேன். மேஜை விளிம்புதான் கிடைச்சுது."

"அக்கா…"

"மறுநாள் கட்டுப் பிரிக்க நீங்க வருவீங்கன்னு நினைச்சேன். ஒரு சின்னப் பொண்ணு வந்து பிரிச்சுது. நல்ல பொண்ணு. எத்தனை விரல் தெரியுதுன்னு கேட்டுது, சொன்னேன். போகலாம்னுது. நான்தான் புத்தி கெட்டு மத்தியானம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தேன், இந்தப் பக்கமா எங்கயாவது வருவீங்கன்னு."

டாக்டரம்மா செய்த அடுத்த காரியத்தைப் பணம் உள்ளவர்கள் மட்டும்தான் செய்வார்கள். "அந்தப் பணம் முழுக்க நாளைக்கே திருப்பித் தரச் சொல்றேன், அக்கா" என்றார். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"எதுக்கு? பார்வை நல்லா வந்திருக்கே. பொருளுக்கு உண்டான காசு" என்று முடித்துவிட்டார் அக்கா.

அப்புறம்தான் டாக்டரம்மா வந்த விஷயத்தைச் சொன்னார். எப்படிச் சொல்வது என்று படிக்கட்டில் யோசித்து வைத்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. கிளினிக்கைத் திறக்கணும், நீங்க வரணும், இந்த வேலை எனக்கு வெறுத்துப் போச்சு, அஞ்சு மடங்கு பணம் வந்துதே தவிர எதுவும் மாறல என்று தாறுமாறாகக் கொட்டினார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிளினிக்கை மூடினப்ப உங்களுக்கு என்ன வழின்னு நான் கேக்கவே இல்ல. அது தப்பு" என்றார் டாக்டரம்மா.

"கேட்டீங்க. ஆஸ்பத்திரியில சொல்லிப் பாக்கறேன்னீங்க. அப்புறம் மறந்துட்டீங்க. ஒரு ஸ்கூல்ல, பிள்ளைங்களுக்கு அடிபட்டா மருந்து போடற ரூம்ல சேந்துட்டேன். பாதிச் சம்பளம். ஆனா நாலு மணிக்கு வீடு. நான் வரல டாக்டர்."

"சம்பளத்தை நீங்களே சொல்லுங்க. எவ்வளவு வேணும்னாலும்."

"உங்களுக்கு அஞ்சு மடங்கு வந்து ஒண்ணும் மாறலன்னு இப்பத்தானே சொன்னீங்க. எனக்கு வந்தா மாறும். வெந்நீர் வரும், கீழ் வீட்டுக்குக் குடி போவேன், இந்தப் படி ஏற வேண்டாம். காசு வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்ல. ஆனாலும் வரல."

டாக்டரம்மாவுக்கு அழுகை வருவதற்குப் பதில் கோபம்தான் வந்தது, யார் மீது என்று தெரியாத கோபம். போனை எடுத்தார். அக்கா முன்னாலேயே ஆஸ்பத்திரி நிர்வாகியைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போடப் போவதில்லை, ஒப்பந்தப்படி இன்னும் மூன்று மாசம், அதோடு சரி என்றார். நிர்வாகி என்னவோ கெஞ்சினார். அவர் பாதியிலேயே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். கைதட்டலை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தார்.

"அது உங்க விஷயம் டாக்டர்" என்றார் அக்கா. "எனக்காகப் பண்ணினதா வச்சுக்காதீங்க."

பேச்சு தீர்ந்துவிட்டது. எழுந்து போகவும் கால் வரவில்லை. டாக்டரம்மா பழக்கத்தில் கண்ணைப் பற்றிக் கேட்டார்.

"இன்னொரு கண்ணுலயும் புரை இருக்கணுமே. அதை எப்ப பண்றாங்க?"

"அடுத்த மாசம்."

"அதை நான் பண்றேன். கிளினிக்லயே. வேற யாரும் இல்லாம, நான் மட்டும்."

"வேற இடத்துல சொல்லிட்டேன்" என்றார் அக்கா. "அரசாங்க ஆஸ்பத்திரியில. உங்க கை மாதிரி வராது, தெரியும். ஆனா அங்க ஒரு நர்ஸ் எனக்குப் பழக்கம். பக்கத்துல நிக்கறேன்னு சொல்லியிருக்கா."

நாட்டிலேயே நல்ல கை என்று பத்திரிகையில் எழுதப்பட்ட கை அது. அது இல்லாவிட்டாலும் ஒரு பழக்கமான விரல் போதும் என்று, அந்தக் கையை எல்லாரையும்விட அறிந்தவர் சொல்கிறார். டாக்டரம்மா டம்ளரைத் தரையில் வைத்தார்.

"அன்னைக்கு நானும் வரட்டுமா அக்கா? டாக்டரா இல்ல. சும்மா, பக்கத்துல நிக்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். பதினேழாவது கண் சிவப்பில்லாமல், தெளிவாக, தையல் இல்லாமல் ஆறியிருந்தது. அருமையான வேலை. அந்தக் கண்ணால் அவரை நிதானமாகப் பார்த்தார்.

"அது புதன்கிழமை" என்றார். "உங்களுக்கு முப்பது பேர் இருப்பாங்க."

வருகிறேன் என்று சட்டென்று சொல்ல டாக்டரம்மா வாய் திறந்தார். ஆனால் மூன்று மாசத்துப் புதன்கிழமைகளும் ஏற்கெனவே நிரம்பிவிட்டன என்பது அவருக்குத் தெரியும். யார் யாரோ தனி ரேட்டு கட்டிக் காத்திருக்கிறார்கள். இவ்வளவு சம்பாதித்தும் ஒரு காலைப்பொழுது தன் கையில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வர்றேன்" என்றார் கடைசியில்.

"சொல்லாதீங்க டாக்டர்" என்றார் அக்கா, கதவைத் திறந்து பிடித்தபடி. "வந்தா வாங்க."