கதவைத் திறந்து வைக்கச் சொன்னான்

சிகிச்சை அறையைத் தயார் செய்வதில் கிளியை அடித்துக்கொள்ள அந்த மையத்தில் ஆளில்லை. நோயாளியின் நாற்காலி கதவைப் பார்த்து இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் யாரும் வந்து நிற்கக் கூடாது. விளக்கு முகத்தில் அடிக்கக் கூடாது. கதவைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதை உள்ளே வந்து உட்காருகிறவர்தான் சொல்ல வேண்டும். "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் டாக்டரம்மா கையை நீட்டுவார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சொந்த நாட்டுச் சிறைகளில் சித்திரவதைப்பட்டு எல்லை தாண்டி ஓடி வந்தவர்களுக்கான மையம் அது. 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று அவர்களுக்கு மறுபடியும் புரியவைப்பதுதான் அங்கே முதல் மருந்து.

கிளி என்பது அவளுடைய பெயர் அல்ல. அடைக்கலம் தேடி வந்தவர்கள் தங்கள் பாஷையில் சொல்வதை டாக்டரம்மாவின் பாஷையில் சொல்வதும், அவர் கேட்பதை இவர்களுக்குச் சொல்வதும் அவள் வேலை. தேநீர் கொண்டுவரும் ஆயா அவளுக்கு வைத்த பட்டம் அது. "சொன்னதையே சொல்லிச் சொல்லி உனக்குச் சொந்தப் பேச்சே மறந்துடப் போகுதுடி" என்று ஆயா கிண்டலடிப்பாள்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. நோயாளி 'எனக்கு வலிக்கிறது' என்றால், 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு வலிக்கிறது' என்றே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. மகனைப் பறிகொடுத்தவளுக்கும், நகம் பிடுங்கப்பட்டவனுக்கும் அவள் 'நான்' என்றே பேசினாள். பேசிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு அடுத்தவருக்கு வருவாள்.

அவளும் ஒரு காலத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். அவளும் தம்பியும் வேலை பார்த்த அச்சகத்தில் ஏதோ ஒரு துண்டு அறிக்கை அச்சானது என்று இருவரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளங்கால்களில் ரப்பர் குழாயால் அடித்தார்கள். அங்கே அடித்தால் வெளியே காயம் தெரியாது. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தரையில் கால் வைக்கும்போதெல்லாம் தெரியும். அவள் வெளியே வந்தாள். தம்பி வரவில்லை.

அடித்தவனுக்குக் கைதிகள் வைத்த பெயர் சாவிக்காரன். இடுப்பில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே வருவான். "கதவைக் கொஞ்சம் திறந்து வைங்கய்யா, மூச்சு முட்டுது" என்று உள்ளேயிருந்து யாராவது கெஞ்சினால், திறப்பது போலச் சாவியை நுழைத்துத் திருகிவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

அன்று காலை, இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு, அவன் உள்ளே வந்தான்.

கிளிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முடி கொட்டியிருந்தது, ஆள் பாதியாக இளைத்திருந்தான். ஆனாலும் அவனேதான். அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அந்தக் கண்ணில் எந்த ஞாபகமும் இல்லை. அவனுக்கு அங்கே இருந்தவர்கள் மனிதர்களா என்ன, முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள?

"தங்கச்சி, நீங்க நம்ம ஊரா? நம்ம பேச்சைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!" என்றான்.

தங்கச்சியாம்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்கக் கேட்க அவன் சொன்னான். மேலிடத்தில் ஆள் மாறியதாம். ஒரு கைதியைத் தப்பவிட்டான் என்று சந்தேகப்பட்டு அவனையே உள்ளே தள்ளினார்களாம். அவனோடு வேலை பார்த்தவர்களே, அதே ரப்பர் குழாயால் அவன் உள்ளங்காலில் அடித்தார்களாம்.

"தரையில கால் வச்சா நெருப்புல வைக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

கிளி டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். "எனக்குக் கால்ல கொஞ்சம் வலி இருக்கு. பெரிசா ஒண்ணும் இல்லை" என்றாள்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க தங்கச்சி. மூடின அறையில எனக்கு மூச்சு முட்டுது. கையெல்லாம் வெலவெலத்துப் போகுது" என்று அவன் கெஞ்சினான்.

"கதவை மூடி வைக்கணும்னு சொல்றேன். திறந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள் கிளி.

டாக்டரம்மா உடனே எழுந்துபோய்க் கதவை மூடினார். நோயாளியின் விருப்பத்தை மீறி அங்கே ஒரு துரும்பும் அசையாது. வெளியிலிருந்து யாரும் தவறிப்போய்த் திறந்துவிடக் கூடாதே என்று, பாவம், அக்கறையாகத் தாழ்ப்பாளும் போட்டார். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

"ஏன் மூடறாங்க?"

"இங்க வழக்கம் அப்படித்தான்."

சற்று நேரத்தில் அவன் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. டாக்டரம்மா கவனித்தார். "மூடியிருக்கிறது அவருக்குச் சரியா இருக்கான்னு கேளுங்க" என்றார். கிளி அவனிடம், "கால் வலிக்குதான்னு கேக்கறாங்க" என்றாள். அவன் ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினான். டாக்டரம்மாவும் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார்.

பொய் சொல்வானேன், கிளிக்கு இனித்தது. வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் கிடந்த கல் ஒன்று நகர்ந்ததுபோல இருந்தது.

வீட்டில் அக்கா தையல் மிஷினில் திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கிளி நடந்ததைச் சொன்னதும் மிஷின் நின்றது.

"அவனேவா? நல்லாப் பாத்தியாடி?"

"அவனேதான்க்கா."

"துடிச்சானா?"

"துடிச்சான்."

அக்கா எழுந்து வந்து தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நம்ம தம்பிக்காக நீயாவது ஏதாவது செஞ்சியேடி" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விட்டுடாதே. அடுத்த தடவை நானும் வர்றேன். உள்ளே விடலைன்னாலும் வெளிய உக்காந்து, அவன் வர்ற கோலத்தை என் கண்ணால பாக்கணும்" என்றாள். அன்று தங்கைக்குத் தட்டு கொள்ளாமல் சோறு போட்டாள். கிளியும் வயிறார உண்டுவிட்டு, கெட்ட கனவு எதுவும் வராமல் தூங்கி எழுந்தாள்.

பழிக்கு அப்படியொரு ருசி உண்டு. அதை இல்லையென்று சொல்கிறவர்கள் அடி வாங்காதவர்கள்.

அடுத்த வாரம் அக்கா காத்திருப்போர் கூடத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டாள். சாவிக்காரன் வந்தான். ஒரே வாரத்தில் இன்னும் ஒடிந்திருந்தான். அறைக்குள் போனதும், போன வாரமே சொல்லிவிட்டாரே என்று நினைத்து, டாக்டரம்மா கேட்காமலே தாழ்ப்பாளைப் போட்டார். அவன் கண் அந்தத் தாழ்ப்பாளைவிட்டு நகரவில்லை.

டாக்டரம்மாவுக்குக் குழப்பம். "பெரிசா வலி இல்லைன்னு சொல்றார். ஆனா ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்று தனக்குள் பேசிக்கொண்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும். செத்துடலாம்னு தோணுதா?"

கிளி கேள்வியை ஒழுங்காகவே கேட்டாள். பதிலைத் தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசையாக இருந்தது.

"தோணுது. தினமும் மாடி ஜன்னல்கிட்டப் போய் நிக்கிறேன். இன்னைக்கு இங்க வந்துட்டுப் போய், அதோட முடிச்சுக்கலாம்னுதான் வந்தேன்" என்றான் அவன். அப்புறம் தாழ்ப்பாளைக் காட்டினான். "தங்கச்சி, உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன். அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க. மூச்சு முட்டுது."

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். 'இல்லை, அப்படி எதுவும் தோணலை' என்று கிளி சொன்னால், டாக்டரம்மா நம்புவார். அவன் கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் போவான். ரத்தக்கறை யார் கையிலும் ஒட்டாது. வெளியே அக்கா அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

கிளி வாயைத் திறந்தாள். அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது சாவிக்காரனின் குரல் அல்ல. கதவைக் கொஞ்சம் திறந்து வைங்கய்யா என்று பக்கத்து அறையிலிருந்து கெஞ்சிய தம்பியின் குரல். அதே கெஞ்சல், கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். அன்று திறக்காமல் சிரித்தவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். இன்று திறக்காமல் உள்ளுக்குள் சிரிப்பது யார்?

அவள் சடாரென்று எழுந்தாள். தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள். சாவிக்காரன் தண்ணீரிலிருந்து தலையை வெளியே நீட்டியவனைப் போல மூச்சை இழுத்தான்.

"நான் சாகணும்னு நினைக்கிறேன்" என்றாள் கிளி டாக்டரம்மாவிடம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். "தினமும் மாடி ஜன்னல்ல போய் நிக்கிறேன். இன்னைக்கே முடிச்சுக்கலாம்னு இருக்கேன். தரையில கால் வச்சா நெருப்பா எரியுது. மூடின கதவு எனக்கு ஆகாது. திறந்து வைக்கச் சொல்லிப் போன வாரமே கெஞ்சினேன்." கையால் அவனைக் காட்டினாள். "இவ்வளவும் அவர் சொன்னது, டாக்டர். இனிமேல் சொல்றது என் சொந்தப் பேச்சு. அவர் சொன்னதை நான் மாத்திச் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன். எங்களை அடிச்சவன் இவன். என் தம்பியைப் பூட்டி வச்சவன் இவன்."

டாக்டரம்மா உடனே எழுந்தார். முதலில் அவர் செய்தது, உயிர் ஊசலாடும் நோயாளியைத் தனியே விடாமலிருக்க ஏற்பாடு செய்ததுதான். தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். பக்கத்து அறை மருத்துவரை வரவழைத்தார். அதன் பிறகுதான் கிளியின் பக்கம் திரும்பினார்.

"இவர் செத்துப்போயிருந்தா? நானே என் கையால தாழ்ப்பாள் போட்டேனே, அது தெரியுமா உங்களுக்கு? என்னையும் அந்தச் சிறைக்காரங்கள்ல ஒருத்தியா ஆக்கிட்டீங்களே!"

"தெரியும் டாக்டர்."

"நாளையிலேர்ந்து நீங்க இந்த வேலைக்கு வர வேண்டாம். நீங்களே மறுபடி சிகிச்சைக்கு வாங்க. உங்களுக்கு ஆறிடுச்சுன்னு நம்பி இந்த வேலையில உக்கார வச்சது என் தப்பு." கோபத்தில் அவர் குரல் உடைந்தது. பிறகு, "அவரை மன்னிச்சிட்டீங்களா? அதனாலதான் உண்மையைச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"மன்னிப்பா? எதுக்கு மன்னிக்கணும்?" கிளி சீறினாள். "சிகிச்சை வேற, மன்னிப்பு வேற, டாக்டர். அடிபட்டவன் யாரா இருந்தாலும் அவனுக்குச் சிகிச்சை கொடுக்கணும். தப்புச் செஞ்சவன் யாரா இருந்தாலும் அவனுக்குத் தண்டனை கொடுக்கணும். சிகிச்சைக்கு இது ஆஸ்பத்திரி, தண்டனைக்கு வேற இடம் இருக்கு. இங்க உக்காந்து நான் தண்டனை கொடுத்தா, இதுவும் அந்தச் சிறையில இன்னொரு அறைதான்."

சாவிக்காரனுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. கிளி அவனை நேருக்கு நேராகப் பார்த்து, அவர்களுடைய பாஷையில், தான் யார் என்று சொன்னாள். அவன் முழித்தான்.

"எந்த அறையில இருந்தீங்க?" என்று கேட்டான். முகங்கள் மறந்துபோன அவனுக்கு அறைகள் ஞாபகம் இருந்தன.

"தண்ணிக் குழாய்க்குப் பக்கத்து அறை. அடுத்ததுல என் தம்பி."

அவன் கைத்தடிகளைக் கீழே வைத்தான். பிறகு கையைக் கூப்பினான். அவள் அதைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கூடத்தில் அக்கா எழுந்து நின்றாள். தங்கை சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. "கைக்கு வந்த பழியை விட்டுட்டு வந்து நிக்கிறியேடி! வேலையும் போச்சு!" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து அறை மருத்துவர் தாங்கிப் பிடிக்க, சாவிக்காரன் கைத்தடிகளோடு வாசலுக்கு வந்தான். இன்னொரு கட்டடத்தில் அவனை இராத் தங்கவைக்கப் போகிறார்களாம். அக்கா குடையை ஓங்கினாள்.

கிளி அந்தக் கையைப் பிடித்தாள். "விடுக்கா. அவன் கால் குணமாகட்டும். இங்க கேட்டதை உன்கிட்டச் சொன்னதே தப்பு, இனிமே வெளிய ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், அது என் வேலைக்குக் கொடுத்த வாக்கு. ஆனா அங்க பட்டது என்னோடது. அதை எல்லா நீதிமன்றத்துலயும் சொல்லுவேன். கூண்டுக்கு அவனை யாரும் தூக்கிட்டு வரக் கூடாது. அவன் கால்ல அவனே நடந்து வரணும்."

அக்காவின் குடை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. சாவிக்காரன் போகும் வழியில் நாற்காலி ஒன்று குறுக்கே கிடந்தது. அவனுடைய கைத்தடி அதில் இடறப்போனது. அக்கா அதைக் கண்டாள். விறுவிறுவென்று போய் நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டாள்.

"பாத்துப் போ" என்றாள் அவனிடம், கண்ணில் தீப்பொறி பறக்க. "இங்க விழுந்து செத்துத் தொலைச்சிடாதே. நீ நடந்து வரவேண்டிய இடம் ஒண்ணு பாக்கி இருக்கு."