கறுத்துப்போன பிரேக் ஒயில்

மலை இறக்கத்தில், பெரகல சந்தியைத் தாண்டி மூன்றாவது வளைவில் கிருஷ்ணராஜ் பிரேக்கை மிதித்தான். பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. திரும்பத் திரும்ப மிதித்தான். வேன் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சொந்தபந்தமெல்லாம் கதிர்காமத்து முருகனைக் கூப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் விஷயம் தெரியாது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வேனின் விலா உரச உரச, ரோட்டோரத்துப் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் எப்படியோ கொண்டுவந்து நிறுத்தினான். பாட்டு நின்றது. அதற்குப் பிறகுதான் அலறினார்கள்.

நிறுத்திய பிறகும் ஹேண்ட் பிரேக்கை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தான். பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தான். இறங்கிப் பின்பக்கம் போய், யசோதினியின் மடியில் எதுவுமே நடக்காதது மாதிரி விரல் சூப்பிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தபோதுதான் அது பயமில்லை, ஆத்திரம் என்று தெரிந்தது. இந்தப் பிள்ளைக்கு மொட்டை போடத்தான் இத்தனை பேரும் கிளம்பியிருந்தார்கள். யசோதினி அவனுடைய அக்கா மகள். வேன் அக்கா புருஷன் மாடசாமியுடையது. கிருஷ்ணராஜ் அதற்கு டிரைவர். வாரநாளில் அப்புத்தளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும் இதே வேனில்தான்.

பிரேக் ஒயில் மாற்றவேண்டும் என்று அவன் மாடசாமியிடம் சொல்லாத மாதமில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பழசை முழுக்க இறக்கிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும், அப்புத்தளை மாதிரி எந்நேரமும் பனிமூட்டத்தில் கிடக்கிற ஊரில் அதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டும், அந்த ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னான். ஒயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினான். புது ஒயில் நல்லெண்ணெயை விட வெளுப்பாக இருக்கும், இதுவோ தேயிலைச் சாயத்தண்ணி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. மாடசாமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கொறைஞ்சா ஊத்து, போதும்" என்பார். ஊற்றுவதற்கென்று சீட்டுக்கு அடியில் ஒரு பாதிப் போத்தல் வேறு, எந்தக் காலத்திலோ மூடி திறந்தது. கெட்டுப்போனதோடு கெட்டுப்போனதைக் கலப்பதற்குப் பெயர் பராமரிப்பு. டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை தவறினதில்லை.

மாடசாமி கோயில் வாசலில் தேங்காய் உடைத்தார். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். வேனுக்குப் பட்டை போட்டு, ஸ்டியரிங்கில் திருநீறு பூசினார்கள். அரைமணி நேரம் போயிருக்கும். மாடசாமி செருப்பில்லாத காலோடு ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"மாப்ள, வந்து பாரு! கல்லு மாதிரி நிக்குது. புள்ளையாரப்பா!"

அக்கா ஜெயலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கிருஷ்ணராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மச்சான், சூடு ஆறிருச்சு, அதான் பெடல் வந்திருக்கு. ஒயில்ல தண்ணி ஊறிக் கெடக்கு. எறக்கத்துல மிதிக்க மிதிக்கக் கொதிச்சு ஆவியாப் போச்சு. இப்ப ஆறிப் பழையபடி நிக்குது. இன்னும் நாலு வளைவு எறங்குனா திரும்பவும் இதே கததான்."

"கோயில் வாசல்ல நின்னுக்கிட்டுப் பேசுற பேச்சாடா இது?"

"சாமிய நான் ஒன்னும் சொல்லல. ஒங்களத்தான் சொல்றேன்."

மாடசாமியின் முகம் இறுகியது. "நீ ஓட்டாட்டிப் போ. நானே ஓட்டுறேன். ஏறுங்க எல்லாரும்."

ஏறினார்கள்! அதுதான் அவனால் தாங்க முடியாதது. இப்போதுதான் உயிர் தப்பியவர்கள், திருநீறு காயாத நெற்றியோடு முந்தி அடித்துக்கொண்டு ஏறினார்கள். கொஸ்லாந்தை தாண்டி வெல்லவாய வரைக்கும் இறக்கம்தான் என்பது அவர்களுக்குத் தெரியாததில்லை. மாடசாமி சாவிக்குக் கை நீட்டினார். கிருஷ்ணராஜ் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். மாடசாமி சிரித்துக்கொண்டே தன் இடுப்பிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார்.

கிருஷ்ணராஜ் சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். பிரேக் குழாயில் காற்று எடுக்கிற நிப்பிளில் ஸ்பேனரை மாட்டினான்.

"என்னடா செய்ற?" மாடசாமி இறங்கி ஓடிவந்தார்.

"ஒயில எறக்கப் போறேன். யாராச்சும் பெடல மிதிங்க."

ஒருவரும் அசையவில்லை. அக்கா மட்டும் கத்தினாள். "சாமி வாசல்ல என்ன அநியாயம்டா பண்ற? புள்ளைக்கு நேர்ந்த நேத்தி என்னாவுறது?"

"அக்கா, மொட்ட போடப் புள்ள இருக்கணும்ல!" வேனுக்கு அடியில் இருந்து அவன் போட்ட சத்தத்தில் கோயிலுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்து பார்த்தார்கள்.

மாடசாமி குனிந்து அவன் காலைப் பிடித்து இழுத்தார். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யசோதினி குழந்தையைத் தன் தாயின் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறியிருந்தாள்.

"மாமா, எதுன்னு சொல்லுங்க. நடுவுல உள்ளதா?"

"ஆமா. மிதி."

"எறங்குடி கீழ!" என்றார் மாடசாமி. அவள் மிதித்தாள்.

முறையாகச் செய்வதென்றால் மிதிக்கிறவர் கால் எடுக்கும் முன் நிப்பிளை மூட வேண்டும், மேலே புது ஒயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று நுழையக் கூடாது. கிருஷ்ணராஜ் மூடவில்லை. திறந்தபடியே விட்டான். "இன்னொருக்கா மிதி. இன்னொருக்கா." ஒவ்வொரு மிதிக்கும் கறுப்புத் தண்ணீர் பீறிட்டு அவன் சட்டையிலும் ரோட்டிலும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வெறும் காற்று சீறியது.

"கீழயே படுத்துக்கிச்சு மாமா. வரமாட்டேங்குது."

"போதும். இனி இத யாரும் ஓட்ட மாட்டாங்க" என்றான்.

ரோட்டின் சாய்வுக்கு அந்த ஒயில் மெதுவாக வழிந்து இறங்கியது. வேனிலிருந்து இறங்கி நின்றவர்கள் அதன் பாதையை விட்டு ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். மாடசாமி மட்டும் வேன் சாவியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். அது வந்து அவருடைய வெறுங்காலின் விரல்களுக்கு இடையில் புகுந்தபோதுதான் அவர் முதல் முறையாகக் குனிந்து அதைப் பார்த்தார்.